இடாப்பிலே எழுதிய பெயர்கள்

காலையில் வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஆசிரியர் செய்யும் முதல் வேலை இடாப்புக் கூப்பிடுவதாகும். பெயரைச் சொல்லுகின்றோம், பிள்ளை எழுந்து மறுமொழி கூறுகின்றது, அடையாளமிட்டு அடுத்த பெயருக்குப் போகின்றோம். உலகிலே இதைக் காட்டிலும் குற்றமற்ற புத்தகம் வேறொன்று இராது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், சென்ற நூற்றாண்டிலே மனிதர் கையாண்ட கொலைக் கருவிகளுள் இத்தகைய புத்தகமும் ஒன்று. துப்பாக்கிக்கும் நச்சு வாயுவுக்கும் முன்னதாகவே அது வந்துவிட்டது.

இவ்வெண்ணத்தை எம்மிடம் எழுப்பியவன் ஒரு மாணவன். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, ஞாயிறு படுகின்ற பக்கமாதலாற் படுவான்கரை என்று பெயர்பெற்ற நிலப்பகுதியிலே, போரதீவுப் பற்றைச் சேர்ந்தது எமது வெல்லாவெளி. வயலும் குளமும் மாடுகளுமே இங்குள்ள செல்வம். இங்குள்ள பிள்ளைகளுக்கு ஐரோப்பா மிகத் தொலைவு. இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது ஹிட்லரின் மீசையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர் என்று சொன்னால் அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் ஒருநாள் பின்வாங்கிலிருந்த அம்மாணவன் எழுந்து, "சேர், யூதரும் அந்த ஊர்ப் பாஷைதான் பேசினார்கள், அந்த ஊர் உடுப்புத்தான் உடுத்தார்கள் என்கிறீர்கள். அப்படியெண்டால் ஆர் யூதன், ஆர் இல்லையெண்டு எப்படிக் கண்டுபிடிச்சாங்கள்?" என்று கேட்டான்.

பாடநூலிலே இக்கேள்விக்கு விடை இல்லை. ஆனால் முழு வரலாற்றையும் திறக்கும் திறவுகோல் இக்கேள்வியே.

ஐரோப்பாவிலே யூதர்மீது கொண்ட பகைமை மிகப் பழையது. இயேசுநாதரைக் கொலைசெய்த கூட்டத்தார் என்னும் பழியை அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சுமந்தனர். பல நாடுகளிலே நிலம் வைத்திருக்கவும் கைத்தொழிற் சங்கங்களிற் சேரவும் அவர்களுக்கு இடமில்லை. கடன் கொடுப்பதும் வாணிகம் செய்வதுமே எஞ்சின. பின்னர், கடன் கொடுத்து வட்டி வாங்குகின்றார்களே என்று அதற்காகவும் வெறுத்தனர். கதவைப் பூட்டிவிட்டு, ஏன் சன்னலால் வருகின்றாய் என்று கேட்பது போன்றது இது. 1144-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நோரிச் நகரத்தருகே ஒரு சிறுவனின் உடல் கிடந்தது. யூதர் தம் சமயச் சடங்குக்காகக் கிறிஸ்தவப் பிள்ளையைக் கொன்றனர் என்று கதை கட்டப்பட்டது. அக்கதை கால் முளைத்து ஐரோப்பா முழுவதும் எண்ணூறு ஆண்டு நடந்தது. 1290-இல் இங்கிலாந்தும் 1492-இல் ஸ்பெயினும் யூதரை நாட்டைவிட்டே துரத்தின.

எனினும் அப்பழைய வெறுப்புக்கு ஒரு வாயில் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் யூதன் யூதனல்லன் என்பதே அக்கொள்கை. அவ்வாயில் நீதியானதன்று, ஸ்பெயினிலே மதம் மாறியோரும் ஐயத்துக்கு ஆளாயினர். ஆயினும் வாயில் என்று ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதனையும் அடைத்தனர். 1879-இல் வில்ஹெல்ம் மார் என்னும் ஜேர்மன் பத்திரிகையாளர், யூதர் ஒரு சமயத்தாரல்லர், மாற்ற முடியாத இரத்தத்தையுடைய ஓர் இனத்தார் என்று எழுதி, 'செமித்திய எதிர்ப்பு' என்னும் புதுச் சொல்லைப் பரப்பினார். பழைய பகையை விஞ்ஞானச் சட்டை மாட்டி வெளியே அனுப்பியது அச்சொல்.

இவ்விடத்திலே தமிழராகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'ஆரியர்', 'செமித்தியர்' என்பன மொழிநூலார் வழங்கிய பெயர்கள். சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கிரேக்கமும் ஜேர்மனும் ஒரு குடும்பத்து மொழிகள் எனக் கண்ட அறிஞர், அக்குடும்பத்துக்கு இட்ட பெயர்களுள் ஒன்று ஆரியம். 1856-இல் கால்டுவெல் பாதிரியார் ஒப்பிலக்கணம் எழுதித் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவியதும் இதே வழியிலேதான். மொழிக்கு இட்ட பெயரை இரத்தத்துக்குச் சூட்டலாகாது என்று மாக்ஸ் முல்லர் தமது முதுமையிலே வற்புறுத்தி எழுதினார். கேட்டார் இலர். ஐரோப்பாவிலே ஆரிய மொழி ஆரிய இரத்தமாயிற்று; ஆரிய இரத்தம் ஆளப் பிறந்ததாயிற்று. எமது கோயில் மதிலிலும் திருமண அழைப்பிதழிலும் மங்கலமாக இடும் சுவஸ்திகமும் இந்த வழியாகவே ஹிட்லரின் கொடிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்நாட்டிலும் அச்சொற்களை எடுத்துக்கொண்டு, சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர், ஆகவே இரத்தத்தால் வேறானோர் என்று மேடையேறிப் பேசியோர் இரு பக்கத்திலும் இருந்தனர். இலக்கண நூலிலிருந்து எடுத்த கல்லை ஒருவர்மேல் ஒருவர் எறிந்த கதை இது.

முதலாவது உலகப் போரிலே ஏறத்தாழ ஒரு இலட்சம் யூதர் ஜேர்மன் படையிற் சேவித்தனர். அவருள் பன்னீராயிரவர் மடிந்தனர். அப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1916-இல், யூதர் போர்முனைக்குப் போகாமல் ஒளிக்கின்றனர் என்னும் புகாரை ஆராயப் படையமைச்சு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கணக்கின் முடிவை வெளியிடவில்லை. சந்தேகம் மட்டும் வெளியே உலாவிற்று. போரிலே தோற்ற பின்னர், 'முதுகிலே குத்தியவர் யூதரே' என்ற பேச்சுக்கு அது எருவாயிற்று. உலகத்தை ஆள யூத மூப்பர் இரகசியச் சதி செய்கின்றனர் என்று 1903-இல் இரசியாவில் அச்சேறிய ஒரு பொய்நூல் அக்காலத்திலே பல மொழிகளிற் பரவியது. அது பழைய பிரெஞ்சு நூலொன்றைத் திருடி எழுதிய புரட்டு என்பதை 1921-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை வரிக்கு வரி காட்டி நிறுவியது. ஆயினும் வாங்குவோர் குறையவில்லை. பொய்யை நம்ப விரும்புவோனுக்குச் சான்று ஒரு பொருட்டன்று.

1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஜேர்மனியிலே வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டிற்று. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அப்போது ஜேர்மனியிலிருந்த யூதர் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேலானோர். நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஏப்ரல் முதலாந் தேதி யூதர் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். அதே மாதத்திலே அரச சேவையிலிருந்து யூதரை நீக்கும் சட்டமும், பாடசாலைகளிற் புதிதாகச் சேரும் யூதப் பிள்ளைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தன. காரணமாக எழுதப்பட்டது யாது தெரியுமா? பள்ளிக்கூடங்களிலே இடநெருக்கடி! இப்படித்தான் அநீதி தன் முதற் கடிதத்தை எழுதும். அதைப் படிப்பவனுக்கு அதிலே கோபம் தெரியாது, நிருவாகமே தெரியும்.

வகுப்பறையிலே இனவியல் என்னும் பாடம் புகுந்தது. மூக்கின் நீளத்தையும் மண்டையின் அகலத்தையும் அளக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தனர். 'நச்சுக் காளான்' என்ற பெயரிலே ஒரு படப் புத்தகம் 1938-இல் வந்தது. நல்ல காளானுக்கும் நச்சுக் காளானுக்கும் வேறுபாடு காணச் சிறுவனுக்குத் தாய் கற்றுக்கொடுப்பது போலத் தொடங்கி, யூதனை அடையாளங்காணக் கற்பிக்கும் நூல் அது. 1937 அளவிலே ஜேர்மன் ஆசிரியருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நாஸி ஆசிரியர் சங்கத்தில் அங்கத்தவராயிருந்தனர். எமது தொழிலைச் சேர்ந்த எவரும் இவ்வெண்ணை விரைந்து கடந்து போக முடியாது. அவர் அனைவரும் கொடியவரல்லர். வேலை போய்விடும் என்று அஞ்சினோரும், பதவி உயர்வை நோக்கினோரும், சந்தா கட்டுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்றிருந்தோரும் அவருள் பலராயிருந்திருப்பர்.

இப்பொழுது மாணவனின் கேள்விக்கு வருவோம். 1935 செப்டெம்பரில் நூரென்பேர்க் சட்டங்கள் பிறந்தன. யூதர் குடியுரிமை இழந்தனர். யூதரல்லாதாரோடு மணவுறவு குற்றமாயிற்று. ஆனால் யூதன் யார்? மூக்கை அளந்த பேராசிரியர்களால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. இரத்தத்தைச் சோதித்தறியவும் வழியில்லை, ஏனெனில் யூத இரத்தம் என்று ஒன்று இல்லை. இறுதியில் அதிகாரிகள் செய்தது இது: பாட்டன் பாட்டியர் நால்வருள் மூவர் யூத சமயத்தைச் சேர்ந்தவராயிருந்தால் அவன் யூதன் என்று விதித்தனர். பாட்டனின் சமயத்தை எப்படி அறிவது? தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியும், யூதக் கோயிற் பதிவேட்டைப் புரட்டியும் அறிந்தனர். இரத்தம், இனம், விஞ்ஞானம் என்று முழங்கிய பேரரசு ஈற்றிலே கோயிற் கணக்கப்பிள்ளையின் கொப்பியைத்தான் நம்பியது. "இடாப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், தம்பி" என்று அம்மாணவனுக்குச் சொன்னோம். வகுப்பு சிரிக்கவில்லை.

பின்வந்த ஆணைகளும் பெயரைப் பற்றியனவே. 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை: புதிய ஆண்டு தொடங்கும்போது ஒவ்வொரு யூத ஆணும் தன் பெயரோடு 'இஸ்ரயேல்' என்றும், பெண் 'சாரா' என்றும் சேர்த்தெழுத வேண்டும். கடவுச்சீட்டிலே சிவப்பு எழுத்து முத்திரை விழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் இரவு யூதக் கோயில்கள் எரிந்தன. ஏறத்தாழ ஏழாயிரத்தைந்நூறு கடைகள் நொறுங்கின. முப்பதினாயிரம் ஆடவரைச் சிறைமுகாம்களுக்குக் கொண்டு போனார்கள். ஆறு நாள் கழித்து, எஞ்சியிருந்த யூதப் பிள்ளைகள் அனைவரையும் அரச பள்ளிகளிலிருந்து நீக்கினார்கள்.

ஜேர்மனியைப் பற்றிப் படிப்போர், அந்நாட்டார் இயல்பே அப்படி என்று சொல்லித் தப்பிக்கொள்வதுண்டு. அவர்களுக்கு இத்தாலியைக் காட்ட வேண்டும். எம் மனத்தை அதிகம் உறுத்தியது அந்நாட்டின் கதையே.

பாசிசம் என்னும் சொல்லையே உலகுக்குத் தந்தவர் முசோலினி. 1922-இல் ஆட்சியைப் பிடித்தார். இத்தாலியிலிருந்த யூதர் நாற்பத்தையாயிரவர் அளவினர், ஆயிரத்துக்கு ஒருவர். அவர் கட்சியிலே யூதரும் இருந்தனர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மார்கரீத்தா சர்பாத்தி யூதப் பெண்மணி. 1932 முதல் 1935 வரை நிதியமைச்சராயிருந்த குயிதோ யுங் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தம்மைப் பேட்டிகண்ட எழுத்தாளர் எமில் லூட்விக்கிடம், இத்தாலியிலே யூதப் பகைமை என்பது இல்லை என்று முசோலினி 1932-இற் கூறினார். ஆகவே அந்நாட்டு மக்கள் யூதரை வெறுத்ததனாற் சட்டம் வந்தது என்று எவரும் சொல்ல முடியாது. சட்டம் வந்தது, பின்னர் வெறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதலில் எத்தியோப்பியப் போர். 1936-இல் அந்நாட்டை வென்ற பின்னர், ஆபிரிக்கரோடு இத்தாலியர் கூடிவாழ்தல் ஆகாதென்று 1937-இற் சட்டமியற்றினர். இன உயர்வு என்னும் நோய் அவ்வழியாகவும் உள்ளே புகுந்தது. ஹிட்லரோடு நட்பும் இறுகிற்று. 1938 ஜூலையில் விஞ்ஞானிகள் சிலரின் பெயரால், இத்தாலியர் ஆரியர், யூதர் இத்தாலியரல்லர் என்று ஓர் அறிக்கை வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் 'இனப் பாதுகாப்பு' என்னும் சஞ்சிகை. ஆகஸ்ட் 22-இல் யூதரை மட்டும் எண்ணும் ஒரு குடிசன மதிப்பு. செப்டெம்பர் 5-இல் யூத ஆசிரியரையும் மாணவரையும் பள்ளிகளிலிருந்து நீக்கும் ஆணை. நவம்பரில் மணத்துக்கும் சொத்துக்கும் உத்தியோகத்துக்கும் தடை. ஜூலையிலே அயலவன், நவம்பரிலே அந்நியன். ஒருபோக வேளாண்மை விதைத்து வெட்டும் காலங்கூட ஆகவில்லை!

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கியபோது இடாப்பிலே சில பெயர்கள் இல்லை. நீக்கப்பட்ட ஆசிரியர்கள், நீக்கப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப் பல நகரங்களிலே தனிப் பள்ளிகள் நடத்தினர். யூத மனைவியையுடைய விஞ்ஞானி பெர்மி, நோபெல் பரிசு வாங்க டிசெம்பரில் ஸ்டொக்ஹோம் சென்றவர், திரும்பாமல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். காலியான பேராசிரியர் பதவிகளோ? அவற்றுக்கு ஆள் கிடைக்காமலிருக்கவில்லை. ஏழாண்டுக்கு முன்னரே, 1931-இல், பாசிச ஆட்சிக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியஞ் செய்யும்படி பல்கலைக் கழகப் பேராசிரியரைக் கேட்டார்கள். ஆயிரத்திருநூறு பேர் அளவினருள் மறுத்தவர் பன்னிருவர் மட்டிலேயே. முதற் கையெழுத்தைப் போட்டவனுக்கு அடுத்த கையெழுத்து அவ்வளவு பாரமாயிராது.

1943-இல் முசோலினி வீழ்ந்தார். ஜேர்மன் படை இத்தாலியைப் பிடித்தது. அப்பொழுதுதான் பட்டியலின் முழுப் பயனும் தெரிந்தது. அக்டோபர் 16-ஆம் நாள் விடியற்காலை, ரோமாபுரியிலே பெயரும் விலாசமும் எழுதிய தாளோடு வீடு வீடாகச் சென்றனர். அள்ளிச் செல்லப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் அவுஷ்விட்சிலிருந்து உயிரோடு மீண்டவர் 16 பேர். அந்த நவம்பர் இறுதியில், யூதரைக் கைதுசெய்யும்படி வடக்கே இருந்த இத்தாலியப் பாசிச அரசே தன் பொலிசுக்குக் கட்டளையிட்டது. ஐந்தாண்டுக்கு முன் தொடங்கிய கணக்கெடுப்பின் ஏடுகள் கையிலே ஆயத்தமாயிருந்தன. எண்ணியவனுக்குக் கொல்லும் நோக்கம் இருந்திராது. ஆனால் ஏடு அவனைக் கேட்டுக்கொண்டு கைமாறுவதில்லை. இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அது அநீதி: இத்தாலிய யூதருள் ஐந்தில் நான்கு பங்கினர் தப்பினர். கன்னியர் மடங்களும் கமக்காரரும் பெயர் தெரியாத அயலவரும் அவர்களை ஒளித்து வைத்தனர்.

எமது மாணவர் மிகவும் விரும்பிக் கேட்டது ஒல்லாந்தின் செய்தியை. அங்கே மக்கட் பதிவேடு மிகத் திருத்தமாக வைக்கப்பட்டிருந்தமையால் யூதருள் நான்கில் மூன்று பங்கினர் மடிந்தனர். 1943 மார்ச் 27-ஆம் நாள் இரவு, ஆம்ஸ்டர்டாமிலே சித்திரக்காரரும் சிற்பிகளும் மாணவருமாகச் சிலர், பொலிஸ் உடை தரித்துப் பதிவுக் காரியாலயத்துள் புகுந்து அதற்குத் தீ வைத்தனர். காவற்காரரைக் கொல்லாமல் மயக்கமருந்து ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டே வைத்தனர். ஒரு பகுதி ஏடுகளே எரிந்தன. பன்னிருவர் பிடிபட்டு ஜூலை முதலாந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டனர். காரியாலயத்தை எரித்தவர்களுக்காக ஒரு வகுப்பே கைதட்டியதை நாம் அன்றுதான் கண்டோம்.

இக்கதை எமது தீவுக்கும் வந்தது. ஹனாவ் நகரிலே 1901-இற் பிறந்த சீக்மண்ட் பெனிகர் என்னும் யூத இளைஞர், பௌத்த நூல்களிலே மனம் தோய்ந்தவர், ஜேர்மனியை விட்டு 1936-இல் இலங்கை வந்து, தொடந்துவைக் களப்பின் நடுவேயுள்ள தீவு மடத்திலே துறவு பூண்டார். ஞானபோனிக தேரர் என்று உலகம் பின்னர் அறிந்தவர் இவரே. தம் தாயாரையும் 1939-இல் இங்கே அழைத்துக் காத்தார். ஆனால் போர் மூண்டதும் பிரித்தானிய அரசு ஜேர்மனியிற் பிறந்தோர் அனைவரையும் பகைநாட்டார் எனப் பிடித்தது. தேரரைத் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவிலே தேராதூன் முகாமிலும் 1946 வரை அடைத்து வைத்தனர். அந்த இடாப்பிலே அவர் யூதர், ஜேர்மனியரல்லர். இந்த இடாப்பிலே அவர் ஜேர்மனியர், யூதரென்பது எவர்க்கும் ஒரு பொருட்டன்று. முகாமிலிருந்துகொண்டே பாளி நூல்களை மொழிபெயர்த்தார். 1958-இற் கண்டியிலே பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவராகி, 1994-இற் காலமானார்.

மற்றவர் ஆன் ரணசிங்க. ஜேர்மனியின் எஸ்ஸென் நகரிலே 1925-இற் பிறந்தபோது அவர் பெயர் அன்னலீஸ் காற்ஸ். பதின்மூன்று வயதிலே தம் ஊர் யூதக் கோயில் எரிவதைக் கண்டார். 1939 ஜனவரியிற் பெற்றோர் அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பினர். பெற்றோரை அவர் மீண்டும் காணவில்லை. அவர்கள் போலந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டனர். இலங்கை வைத்தியர் ஒருவரை 1949-இல் மணந்து கொழும்புக்கு வந்த இவ்வம்மையார், ஆங்கிலத்திலே இந்நாட்டின் சிறந்த கவிஞருள் ஒருவரானார். 2016 டிசெம்பரிற் காலமானார். 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவர் அங்கேயே இருந்தார். 'ஜூலை 1983' என்னும் கவிதையிலே, சிறுமியாய்க் கண்ட தீயையும் இப்பொழுது கண்ட தீயையும் அருகருகே வைத்தார்.

அவர் அவ்வாறு வைத்ததற்கு வெறும் புகை மட்டும் காரணமன்று. அந்த ஜூலையிலே கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்பதைப் பலரும் பதிந்துள்ளனர். அதற்கும் முன்னர், 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழர் குடியுரிமையை இழந்து, அதே வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டனர். இவற்றை நாஸிகள் செய்த பேரழிவோடு சமமென்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது இரு சாராருக்கும் இழைக்கும் அவமதிப்பு. பெயரைப் பிரித்தெழுதுதல், பின் வெட்டுதல், பின் தேடிப்போதல் என்னும் வழி ஒன்றாயிருக்கின்றது என்பதையே சொல்லுகின்றோம்.

இந்த அளவில் நிறுத்தியிருந்தால் வகுப்பிலே எல்லோருக்கும் திருப்தியாயிருந்திருக்கும். ஏனெனில் இதுவரையில் எரிந்தது நம் வீடு. ஆனால் வாவியின் அக்கரையிலே, எழுவான்கரையிலே, காத்தான்குடி இருக்கின்றது. 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரு பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூறு பேருக்கு மேல், தமிழர் பெயரால் ஆயுதமேந்தியோராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9-இற் சத்துருக்கொண்டானிலே தமிழர் நூற்றெண்பது பேருக்கு மேல் இராணுவத்தினரால் கொலையுண்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சத்துருக்கொண்டானை எம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மற்ற இரண்டையும் அறிந்தவர் மூவரோ நால்வரோ. முன்னதை மட்டும் படிப்பித்துப் பின்னதை விடும் ஆசிரியனும் ஒரு பெயரை வெட்டுகின்றான்.

வெறுப்பு பரவும் விதத்துக்கு நோரிச் நகரம்வரை போகவும் வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில், எமக்கு அயலிலுள்ள அம்பாறையிலே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையிற் கறியோடு கிடந்த மாக்கட்டியைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றனர். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்து, அது வெறும் மாப்பொருள் என்றார். அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. ஒரு வாரத்துக்குள் கண்டிப் பக்கத்துத் திகனை எரிந்தது. 2019 ஏப்ரல் 21-இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மடிந்தனர். அக்கொடுஞ்செயலைச் செய்தவர் ஒரு சிறு கூட்டத்தார். ஆனால் 'அவர்கள் கடையில் வாங்காதே' என்ற செய்தி எல்லா முஸ்லிம்களுக்கும் எதிராக எமது ஊர்க் கைத்தொலைபேசிகளிலும் வந்தது. பேர்லின் தெருக்களிலே 1933-இல் அவ்வாசகத்தை எழுதப் பலகையும் தூரிகையும் வேண்டியிருந்தன. இப்பொழுது பெருவிரல் போதும்.

மட்டக்களப்புத் தேசத்திலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாக உடையவர்கள். இரு சாராரிடத்தும் மகளுக்கே வீடு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். முக்குவரும் திமிலரும் பொருத பழங்கதையிலே முஸ்லிம்கள் முக்குவர்க்குத் துணைநின்றதாகச் சொல்வதும் இந்நாட்டு மரபு. ஆனால் எம் வகுப்பு இடாப்பிலே ஒரு முஸ்லிம் பெயரும் இல்லை. எவரும் வெட்டவில்லை; எழுதப்படவே இல்லை. தமிழ்ப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, சிங்களப் பள்ளி என்று பிரித்தே கட்டிக்கொண்டோம். அக்கரைப் பிள்ளையை எமது பிள்ளை முதன்முதலிற் சந்திப்பது பெரும்பாலும் சந்தையிலோ தொலைபேசிச் செய்தியிலோதான்.

ஆகவே சென்ற தவணையிலே, அவரவர் வீட்டு முதியோரிடம் கேட்டு, 1990-க்கு முன் தம் ஊரிலே வயல் செய்தும் கடை வைத்தும் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றி அறிந்து எழுதி வரும்படி சொன்னோம். சிலர் எழுதவில்லை. ஒரு வீட்டிலிருந்து, பழையதை ஏன் கிண்டவேண்டும் என்று தந்தையார் வந்து கேட்டார். அவருடைய தமையனாரை அக்காலத்திலே பறிகொடுத்தவர் அவர். அவரோடு நாம் வாதிக்கவில்லை. நெடுநேரம் இருந்து பேசிப் போனார். அந்தப் பின்வாங்கு மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். அவன் பெத்தா சொன்னாளாம்: "மனே, குளத்துக்குக் கீழ நாம வெட்டுறமே அந்தத் துண்டு, அது காக்காட வயல். வெட்டு முடிஞ்சா முதல் மூட்டை நம்மட வாசலுக்குத்தான் வரும். பிரச்சினைக்குப் பிறகு அவங்க வரல்ல." அந்தக் காக்காவின் முழுப் பெயர் என்னவென்று அவனைக் கேட்டோம். பெத்தாவுக்கு ஞாபகமில்லை என்றும், காணி உறுதியைப் பார்த்தவர் ஒருவர் ஊரிலே இருக்கின்றார் என்றும், சனிக்கிழமை அவரிடம் போய்க் கேட்டு எழுதி வருவதாகவும் சொன்னான்.